தர்மத்துக்கு விற்கும் இஞ்சி–எலுமிச்சைப் பானம்: பக்குவம், விலை, கணக்கு பற்றி யோசனை வேண்டும்

குற்றாலச் சாரல்

எல்லாருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போய் வருகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. ஆனால் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை ஆட்டோ, அங்கிருந்து பஸ், கூட வருகிற ஆளின் அன்றைய கூலி, மதியச் சாப்பாடு எல்லாம் கைக்காசுதான். ஓர் அம்மா ஆட்டோவுக்கு வழியில்லாமல் ஒரு தடவை போகாமல் இருந்துவிட்டார். அன்று ராத்திரியே மூச்சு முட்டி அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது. இந்தப் போக்குவரத்துச் செலவுக்கு மட்டும் ஒரு நிதி சேர்க்கலாம் என்று குழுவில் பேசி வைத்திருக்கிறோம்.

அதற்கு நாங்கள் யோசித்தது காரசாரமான இஞ்சி–எலுமிச்சை மூலிகை டீ. பால் கிடையாது. சாரல் சீசனில் அருவிக்குப் போகிற வழியில் சூடாகப் போட்டு விற்பது, கூடவே 50 கிராம் பாக்கெட்டாகவும் கொடுப்பது. எலுமிச்சைக்குப் பஞ்சமே இல்லை, பக்கத்திலேயே புளியங்குடிச் சந்தை. காய் விலை விழுகிற நாட்களில் பொடிக்காயைக் கேட்பாரில்லை. சுக்கு கேரளாவிலிருந்து ஆரியங்காவு தாண்டி வருகிறது. எலுமிச்சைப்புல் எங்கள் கொல்லையிலேயே கிடக்கிறது.

இப்போது போட்டுப் பார்த்த கலவை, 50 கிராமுக்கு: சுக்கு 25, எலுமிச்சைப்புல் 12, காய்ந்த எலுமிச்சைத் தோல் 6, அதிமதுரம் 4, மிளகு 3. காரம் நன்றாக இருக்கிறது, எலுமிச்சை வாசம்தான் போதவில்லை. பக்குவம், பாக்கெட், லைசென்ஸ், கணக்கு எதைப் பற்றித் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

வடகரை அண்ணாச்சி

நல்ல காரியம் தாயி. சுக்கு மிளகு வியாபாரத்திலேயே கிடப்பவன் என்கிற முறையில் சுக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெள்ளை வெளேரென்று இருக்கிற சுக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சுண்ணாம்பில் முக்கிக் காய வைத்த சரக்கு. பூச்சி விழாமல் இருக்கவும் பார்வைக்கு எடுப்பாக இருக்கவும் அப்படிச் செய்வார்கள். விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். நீங்கள் கேட்க வேண்டியது சுண்ணாம்பு போடாத, மங்கின பழுப்பு நிறச் சுக்கு. ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று ஒடிந்தால் நன்றாகக் காய்ந்தது, வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒடித்த இடத்தில் குண்டூசித் துளை மாதிரி தெரிந்தால் வண்டு புகுந்த சரக்கு, வாங்காதீர்கள். ஊசி ஊசியாக நார் நீட்டிக்கொண்டிருந்தால் முற்றின இஞ்சி. அதில் காரம் இருக்கும், ஆனால் அரைபடாமல் உயிரை வாங்கும்.

மேல்தோலை அவசியம் சீவ வேண்டும். சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. மண்ணும் பூஞ்சையும் தங்குகிற இடம் அந்தத் தோல்தான்.

நீங்களே இஞ்சி வாங்கிக் காய வைப்பதானால் ஒரு கணக்கு: 5 கிலோ பச்சை இஞ்சிக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ சுக்குதான் தேறும். மாசி பங்குனி வெயிலில் செய்துவிட வேண்டும். சாரல் ஆரம்பித்த பிறகு இஞ்சியைக் காய வைக்க நினைத்தால் எல்லாம் பூசணம் பூத்துவிடும்.

கொல்லைப்புறம்

வாசம் போதாததற்குக் காரணம் தோலைக் காய வைத்த விதமாக இருக்கலாம். எலுமிச்சை மணம் தோலின் மஞ்சள் பாகத்தில் இருக்கிற எண்ணெயில்தான் இருக்கிறது. மொட்டை வெயிலில் நாள்கணக்கில் போட்டால் அது பறந்துவிடும். மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி, நிழலில், காற்றாடக் காய வையுங்கள். உள்ளே இருக்கிற வெள்ளைப் பஞ்சு சேர்ந்தால் கசக்கும். தோலை அப்படியே போடுவதால் எங்கே என்ன மருந்து அடித்த காய் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தெரிந்த தோட்டத்துக் காயாகவே வாங்குங்கள்.

எலுமிச்சைப்புல்லில் இருக்கிற சிட்ரால் என்கிற எண்ணெய்ச் சத்துதான் எலுமிச்சை வாசத்தைத் தூக்கிக் கொடுக்கும். புல்லைக் கூட்டி மற்றதைக் குறைத்துப் பாருங்கள்.

புளிப்பை பாக்கெட்டுக்குள் எதிர்பார்க்க வேண்டாம். அது சாற்றில் இருப்பது. குடிக்கும்போது அரை மூடி பிழிந்துகொள்ளச் சொல்லி பாக்கெட்டிலேயே எழுதிவிடுங்கள். அதுவும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. ரசத்துக்கு எப்படிப் பிழிவோமோ அப்படித்தான். கொதிக்கக் கொதிக்கப் பிழிந்தால் கசப்பு ஏறும், வைட்டமின் சி-யும் கொஞ்சம் போய்விடும்.

கேள்விக்குறி

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒன்று கேட்கிறேன். டயாலிசிஸுக்குப் போகிறவர்களுக்கு ஆட்டோ செலவு கொடுக்க நேரடியாகவே பணம் கேட்கலாமே? இஞ்சி வாங்கி, காய வைத்து, அரைத்து, பாக்கெட் போட்டு, கடை விரித்து... 80 ரூபாய்க்கு விற்றால் 30 ரூபாய் மிஞ்சுமா? அந்த 30 ரூபாயை நானே கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இதற்கு முன்னால் ஒரு கண்காட்சியில் "லாபம் முழுவதும் ஆதரவற்ற குழந்தைகளுக்கு" என்று ஒட்டியிருந்த மெழுகுவர்த்தியை நான் வாங்கினேன். எந்தக் குழந்தைகளுக்கு, எவ்வளவு போனது என்று கேட்டு மெயில் போட்டேன், பதிலே இல்லை. அதிலிருந்து இப்படி எழுதியிருக்கிற எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான் வருகிறது.

ஆலங்குடி மொய்

கேள்விக்குறி அண்ணனுக்கு எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 ஜூலை கடைசியில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்ணோடு போனதே, அப்போது அந்த மக்களுக்காக எங்கள் மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் கடையில் மொய் விருந்து வைத்தார். டீயைக் குடித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைப் போட்டுவிட்டுப் போங்கள் என்றார். திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையிலும் அதே மாதிரி நடந்தது.

நேரடியாகக் கேட்டிருந்தால் பத்து ரூபாய் போட யோசிக்கிறவர்கள்கூட டீ குடித்துவிட்டு நூறு, ஐந்நூறு என்று போட்டார்கள். கை நீட்டி வாங்குவது வேறு, ஒன்றைக் கொடுத்து மொய் வாங்குவது வேறு. நம் ஊரில் கொடுக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் இரண்டாவதுதான் கூச்சமில்லாமல் இருக்கும். அக்கா, நீங்கள் கப்பில் விற்பதற்கு விலையே போடாதீர்கள். ஓர் உண்டியல் வையுங்கள் போதும்.

தணிக்கைத் தம்பி

ஆலங்குடி சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். கப்புக்கு உண்டியல் சரி. பாக்கெட்டுக்கு அது ஒத்துவராது, எம்.ஆர்.பி. அச்சிட்டாக வேண்டும்.

"லாபம் முழுவதும்" என்ற வார்த்தையை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். லாபம் என்பது வருஷக் கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் தெரியும், அதுவரை யாராலும் சரிபார்க்க முடியாது. செலவை ஏற்றிக் காட்டினால் லாபம் பூஜ்யம் என்றுகூடச் சொல்லிவிடலாம். அதற்குப் பதிலாக "ஒரு பாக்கெட்டுக்கு 30 ரூபாய் டயாலிசிஸ் பயண நிதிக்கு" என்று ரூபாயில் எழுதுங்கள். எத்தனை பாக்கெட் விற்றது என்று தெரிந்தால் எவ்வளவு நிதி வந்திருக்க வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடப் பையன்கூடப் பெருக்கிச் சொல்லிவிடுவான்.

அந்த 30 ரூபாயை வாராவாரம் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று வையுங்கள். இஞ்சி வாங்குகிற பணமும் ஆட்டோவுக்குக் கொடுக்கிற பணமும் ஒரே கணக்கில் புழங்கினால் நல்லவர்களுக்குள்ளேயே மனஸ்தாபம் வரும்.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை (80ஜி) உண்டா என்று யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாக்கெட் வாங்குவது நன்கொடை ஆகாது, பொருளுக்குக் கொடுத்த விலை. வரி விலக்கு ரசீது தர முடியாது.

அடுத்து, தர்ம காரியம்தானே, லைசென்ஸ் எதற்கு என்று நினைக்க வேண்டாம். 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணவுத் தொழில் என்றால் லாபத்துக்கு நடத்தினாலும் சரி, லாபமில்லாமல் நடத்தினாலும் சரி என்றே எழுதியிருக்கிறது. உங்கள் அளவுக்கு அடிப்படைப் பதிவு போதும், ஆன்லைனிலேயே போடலாம். கிடைக்கிற 14 இலக்க எண்ணை பாக்கெட்டில் போட வேண்டும். கூடவே பொருள் பட்டியல் (அதிகம் இருப்பது முதலில்), எடை, பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், முகவரி, தொடர்பு எண், சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி.

இன்னொன்று. தேயிலைச் செடியிலிருந்து வராத எதற்கும் லேபிளில் 'டீ' என்று பெயர் வைக்கக் கூடாது என்று 2025 டிசம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தெளிவுபடுத்திவிட்டது. உங்கள் கலவையில் தேயிலையே இல்லை. 'இஞ்சி–எலுமிச்சை மூலிகைப் பானப் பொடி' என்று போட்டுவிடுங்கள், வம்பே இல்லை.

குற்றாலச் சாரல்

தம்பி, இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ரொம்ப நன்றி. செலவுக் கணக்கை இங்கேயே போடுகிறேன், எல்லாரும் பாருங்கள். 50 கிராம் பாக்கெட்டுக்குச் சரக்கு 30, பாக்கெட்டும் லேபிளும் 10, வண்டிச் செலவு 5. ஆக 45. விலை 80. மிச்சம் 35 ரூபாய் நிதிக்கு. வேலை எல்லாம் நாங்களே இலவசமாகச் செய்வதாக இருக்கிறோம்.

கேள்விக்குறி

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது அக்கா. குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் வசதியானவர்களா? பீடி சுற்றுகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள் இல்லையா? அவர்கள் சுக்குச் சீவுகிற நேரத்துக்கு அவர்கள் வீட்டில் உலை வைக்கக் காசு எங்கிருந்து வரும்?

குற்றாலச் சாரல்

பீடி சுற்றுகிறவர்கள்தான் பாதிப் பேர். அவர்களேதான் கூலி வேண்டாம் என்கிறார்கள். டயாலிசிஸுக்குப் போகிற அம்மா அவர்களில் ஒருவருக்குச் சொந்த மதினி.

வடகரை அண்ணாச்சி

வேண்டாம் என்றாலும் கொடுக்க வேண்டும் தாயி. முதல் மாதம் உற்சாகத்தில் எல்லாரும் வருவார்கள். அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விசேஷம், பீடிக் கணக்கு முடிக்கணும் என்று ஒவ்வொருவராக நிற்பார்கள். கடைசியில் நீங்களும் இன்னொருத்தியும் மட்டும் ராத்திரி கண் விழித்து பாக்கெட் ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். கூலி என்று ஒன்று இருந்தால்தான் வேலை நிற்காது, யாரும் யாருக்கும் கடன்பட்டவர்கள் ஆக மாட்டார்கள். கூலியை வாங்கி அதை நிதியிலேயே போட நினைக்கிறவர்கள் போடட்டும், அது அவர்கள் இஷ்டம்.

தணிக்கைத் தம்பி

அண்ணாச்சி சொல்வதுதான் சரி. பாக்கெட்டுக்கு 10 ரூபாய் கூலி வையுங்கள். 55 ஆகிறது. விலை 85, நிதிக்கு 30. ஒரு கப்புக்கு 2 கிராம் போட்டால் ஒரு பாக்கெட்டில் 25 கப் வரும், கப் மூன்றரை ரூபாய்கூட இல்லை. வாங்குகிறவருக்கும் இது நஷ்டமில்லாத விலை.

ஈஸ்ட்ஹாம் முத்து

லண்டனிலிருந்து. ஊர் கடையநல்லூர் பக்கம்தான். தம்பி சொன்ன "ரூபாயில் எழுது" என்பது இங்கே சட்டமாகவே இருக்கிறது. 1992ஆம் வருஷத்து அறநிறுவனச் சட்டப்படி, ஒரு கம்பெனி தர்ம நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பொருள் விற்றால் அதில் எவ்வளவு தர்மத்துக்குப் போகிறது என்று வாங்குகிறவருக்குச் சொல்லியாக வேண்டும். சும்மா "ஒரு பங்கு" என்றால் செல்லாது. இங்கே கடைகளில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 10 பென்ஸ், 50 பென்ஸ் என்று அச்சில் இருக்கும்.

இப்போதைய மன்னர் சார்லஸ் இளவரசராக இருந்தபோது 1990இல் ஆரம்பித்த டச்சி ஒரிஜினல்ஸ் ஓட்ஸ் பிஸ்கட்டில் தொடங்கியது. வருமானம் அவருடைய அறக்கட்டளைக்குப் போகிற ஏற்பாடு. ஆனால் நடத்துவது சிரமமாகி, 2009இல் வெயிட்ரோஸ் என்கிற பெரிய கடைக்காரர்களோடு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் நிமிர்ந்தது. இளவரசர் பெயர் இருந்தும் கடை அலமாரியில் இடம் பிடிப்பது அவ்வளவு பாடு. அதே மாதிரி அமெரிக்காவில் நடிகர் பால் நியூமன் 1982இல் சாலட் டிரெஸ்ஸிங் விற்க ஆரம்பித்து லாபம் முழுவதையும் தர்மத்துக்கே கொடுத்தார், அந்தக் கம்பெனி இன்றைக்கும் நடக்கிறது. ஒரு தடவை இரக்கப்பட்டு வாங்கலாம், மறுபடி வாங்க வைப்பது ருசி ஒன்றுதான். அக்கா, கலவையை நாலு பேரிடம் கொடுத்துக் குடிக்க வைத்து, முகத்தைப் பாருங்கள். நிதி எதற்கு என்று அவர்களிடம் அப்போது சொல்லாதீர்கள். சொன்னால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

ஆறாம் வார்டு

நான் டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்த்த நர்ஸ். இந்த உரையாடல் இழையை இப்போதுதான் பார்த்தேன். நாலு விஷயம் அவசரமாகச் சொல்ல வேண்டும்.

அதிமதுரத்தை எடுத்துவிடுங்கள். தினமும் குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடாத வீடு இப்போது எங்கே இருக்கிறது? இனிப்பு வேண்டுமானால் குடிக்கிறவர்கள் கருப்பட்டியோ பனங்கற்கண்டோ போட்டுக்கொள்ளட்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கவும் என்று ஒரு வரி போடுங்கள். இஞ்சி ஒரு கப் பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது, இருந்தாலும் வரி இருக்கட்டும்.

சளி போகும், சர்க்கரை குறையும், கொழுப்பு கரையும் என்று எதையும் அச்சடிக்காதீர்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதற்கு 1954லிருந்தே சட்டத்தில் தடை இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், "சுகருக்கு நல்லது" என்று படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர்தான் பிறகு எங்கள் யூனிட்டுக்கே வருகிறவர்கள். சிறுநீரகம் போவதற்கு நம் ஊரில் பெரிய காரணமே சர்க்கரையும் பிரஷரும்தான். டயாலிசிஸ் நிதிக்கு விற்கிற பாக்கெட்டில் அந்த வரி இருக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று. அன்பில் நோயாளிகளுக்கு இலவசமாக பாக்கெட் கொடுத்துவிடாதீர்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து வைத்திருப்பார்கள். கஞ்சி, மோர், காபி எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். அடுத்த டயாலிசிஸ் வரை அந்த நீர் உடம்பிலேயே நிற்கும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். மேலே சொன்ன அம்மாவுக்கு நடந்தது அதுதான். அவர்களுக்கு வேண்டியது ஆட்டோதான்.

குற்றாலச் சாரல்

சிஸ்டர், முதல் பாக்கெட்டை அந்த அம்மா கையில் கொடுத்து ஆரம்பிக்கலாம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிட்டோம். அதிமதுரத்தையும் எடுத்துவிட்டோம். அந்த 4 கிராமில் 3 கிராம் எலுமிச்சைப்புல், 1 கிராம் ஏலக்காய் தோலோடு. கொல்லைப்புறம் சொன்ன மாதிரி தோலை மெல்லிசாகச் சீவி நிழலில் உலர்த்தினோம். டப்பாவைத் திறந்தாலே மூக்கில் ஏறுகிறது.

முத்து அண்ணன் சொன்னபடி கோயில் கொடைக்கு வந்த வெளியூர்க்காரர்களுக்குப் போட்டுக் கொடுத்தோம். காரம் தொண்டையில் நிற்கிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள், பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டாவது கப் கேட்டவர்கள் பெரும்பாலும் நாற்பது தாண்டியவர்கள்.

டீ பேக் மாதிரி சின்னப் பையில் போட்டால் ஆபீஸ்காரர்கள் வாங்குவார்கள் என்று குழுவில் ஒரு பேச்சு இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

கொல்லைப்புறம்

வேண்டவே வேண்டாம். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2019இல் செய்த ஆய்வில், ஒரே ஒரு பிளாஸ்டிக் டீ பையைச் சுடுதண்ணீரில் போட்டால் நுண்பிளாஸ்டிக் துகள்கள் கோடிக்கணக்கில் கலக்கின்றன என்று கண்டார்கள். காகிதப் பை மாதிரி தெரிவதிலும் ஒட்டுவதற்காகப் பிளாஸ்டிக் இழை கலந்திருப்பது உண்டு. உதிரியாகவே கொடுங்கள். மாவாக அரைக்காமல் ரவை பதத்துக்கு இடித்தால் சாதாரண வடிகட்டியிலேயே நிற்கும், வாசமும் சீக்கிரம் போகாது.

காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை இஞ்சியில் இருக்கிற ஜிஞ்சரால் காயும்போது கொஞ்சம் ஷோகாலாக மாறுகிறது, அது அதைவிட உறைப்பு. அதனால்தான் சுக்கு தொண்டையில் நிற்கிறது. பிள்ளைகளுக்குச் சுக்கைக் குறைத்துத் தனிக் கலவை போட வேண்டாம், இரண்டு வகை வைத்துக்கொண்டால் கணக்கு குழம்பும். அரை ஸ்பூன் போடச் சொன்னால் போதும்.

வடகரை அண்ணாச்சி

கடை போடும்போது பிளாஸ்டிக் பூசின காகிதக் கப் வாங்கிவிடாதே தாயி. 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் அதற்குத் தடை. சீசனில் சோதனைக்கு வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கண்ணாடி டம்ளரும் கழுவ ஒரு ஆளும் வை.

சாரல் முடிந்ததும் கடையைக் கட்டிவிடவும் வேண்டாம். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற ஐயப்பமார் இந்த வழியாகத்தான் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போவார்கள். மலையில் கோயிலை நடத்துகிற தேவசம் போர்டே சுக்குத் தண்ணீர் கொடுக்கிறது, அந்த ருசி அவர்களுக்குப் பழக்கம். சாரலைவிட அப்போதுதான் பாக்கெட் ஓடும் என்பது என் எண்ணம்.

கேள்விக்குறி

ஒரு யோசனை. மாதம் முடிந்ததும் எத்தனை பாக்கெட் விற்றது, நிதிக்கு எவ்வளவு வந்தது, எத்தனை ஆட்டோ பயணத்துக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி கடையில் ஒட்டுங்கள். நோயாளிகள் பெயர், படம் வேண்டாம். அதே தாளை போட்டோ எடுத்து இந்த இழையிலும் போடுங்கள். அது வந்தால் நான் மாதம் பத்து பாக்கெட் வாங்கி என் ஆபீஸில் விற்றுத் தருகிறேன்.

குற்றாலச் சாரல்

கட்டாயம் போடுகிறேன் தம்பி. ஆட்டோ ஓட்டுகிற இரண்டு பேரிடம் பேசியாகிவிட்டது. பணம் நோயாளி கையில் போகாமல் ஆட்டோவுக்கே வாராவாரம் கொடுப்பதாக ஏற்பாடு, அப்போதுதான் அவசரத்துக்கு வேறு செலவாகாது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு மட்டும் டிக்கெட்டைப் பார்த்துக் கையில் கொடுக்கிறோம்.

லேபிளில் எழுதப் போவது இதுதான், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

இஞ்சி–எலுமிச்சை மூலிகைப் பானப் பொடி. 50 கிராம். விலை ரூ. 85. இதில் ரூ. 30 டயாலிசிஸ் நோயாளிகளின் ஆட்டோ, பஸ் செலவுக்கு. சேர்ந்தவை: சுக்கு, எலுமிச்சைப்புல், எலுமிச்சைத் தோல், மிளகு, ஏலக்காய். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டவும். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியவும். கருப்பட்டி உங்கள் விருப்பம். ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், தண்ணீர் அளவு கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்கவும்.

ஆறாம் வார்டு

அந்தக் கடைசி வரியைச் சின்ன எழுத்தில் போட்டுவிடாதீர்கள். விலை எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் இருக்கட்டும்.

தணிக்கைத் தம்பி

பேட்ச் எண், தேதி, 14 இலக்கப் பதிவு எண், முகவரி, பச்சைப் புள்ளி எல்லாம் பின்பக்கம் வருகிறதுதானே? பதிவு எண் கையில் வருவதற்கு முன்னால் லேபிள் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். முதல் தடவை குறைவாகவே அச்சடியுங்கள், சுக்கு விலை ஏறினால் எம்.ஆர்.பி. மாற்ற வேண்டி வரும். அப்போதும் அந்த 30 ரூபாயில் கை வைக்கக் கூடாது, விலையைத்தான் ஏற்ற வேண்டும்.